ஈரங்கொல்லியார் தொண்டு



பெருந்திருவிழா நாட்களில் எம்பெருமான் உலாப் போந்தருளும் கோலத்தைக் கண்டு வணங்குகின்றோம். திருமேனியிற் சாத்திய பட்டும், அதன் கரையிலே ஓடும் சரிகையும், அம்மையின் பாவாடையில் இழைத்த மணியும் முத்தும், தேரின் நாற்புறமும் தொங்கி அசையும் தொம்பைகளும், தலைக்குமேல் விரித்த விதானமும் கண்ணைக் கவர்கின்றன. இவற்றை நெய்தவர் யார், உபயம் செய்தவர் யார், சாத்துப்படி செய்த குருக்கள் யார் என்று உசாவுவோர் பலர். கொடி இறங்கிய பின்னர், திருநீறும் சந்தனமும் எண்ணெயும் கர்ப்பூரக் கரியும் படிந்த அவ்வாடைகளைத் தூய்மை செய்பவர் யார் என்று உசாவுவாரை யாம் மிகுதியும் கண்டதில்லை. அத்தொண்டின் வரலாற்றையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். பொருள் சிறிது என்று எவரும் கருதற்க. அறியாமையாலும் அவசரத்தாலும் ஒரே நாளிற் கெட்டழிந்த பழம்பெரும் திருப்பரிவட்டங்கள் நம் நாட்டிற் பலவாகும்.

சிவபெருமான் உடுத்தவை புலித்தோலும் கரித்தோலும் எனப் புராணங்கள் பேசும். தோலாடைக்கு வெளுப்பார் வேண்டா. ஆயினும் அன்பர்கள் அப்பெருமானுக்குத் துகில் சாத்தி மகிழ்ந்தனர். சாத்திய நாள் தொட்டு அத்துகிலைப் பேணும் கடமையும் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. திருத்தொண்டர் வரலாற்றில் ஆடையையே வாயிலாகக் கொண்டு பேறு எய்தினார் மூவர் உளர். நேச நாயனார் அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார். பழையாறை வணிகராகிய அமர்நீதி நாயனார் அவற்றை ஈந்து, ஒரு கோவணத்தின் பொருட்டுத் திருநல்லூரிலே தம் மனைவியாரோடும் மைந்தரோடும் துலையில் ஏறினார். காஞ்சி நகரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வெளுத்துக் கொடுத்தார். நெய்தவர், ஈந்தவர், வெளுத்தவர் ஆகிய மூவரையும் அறுபத்துமூவர் வரிசையிலே ஏற்றத்தாழ்வின்றி நிறுத்தியது நம் சமயம்.

திருக்குறிப்புத் தொண்டர் வரலாறு யாவரும் அறிந்ததே. ஏகாலியர் குலத்திலே தோன்றிய அப்பெருந்தகையார், அடியவர்தம் உள்ளக்குறிப்பறிந்து அவர்களுடைய ஆடைகளை வெளுத்துத் தரும் தொண்டினைப் பூண்டிருந்தார். குளிர்காலத்து ஒரு நாள், எம்பெருமான் மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையும் உடைய ஏழை அடியவராய் வந்தார். கந்தையை வெளுத்துத் தருதற்கு இசைந்தாரேனும், 'குளிருக்கு இஃதொன்றே துணை. பொழுது சாயுமுன் தருதல் வேண்டும். தாராது ஒழிந்தால் இவ்வுடலுக்கு இடர் செய்தவர் ஆவீர்' என்னும் கருத்துப்பட ஒரு நியமம் விதித்தார். நாயனார் உடன்பட்டுத் துறைக்குச் சென்றார். வேலை பாதியில் நிற்கும்பொழுது மழை எழுந்து விடாது பொழிந்தது. மாலை வந்தது, மழை ஓயவில்லை. அடியவர் மேனி குளிரால் நடுங்கும் என்ற எண்ணம் தாளாது, துணி புடைக்கும் கற்பாறையிலே தம் தலையை மோதினார். அப்பாறையினின்றும் எழுந்த திருக்கை அவரைப் பற்றிக்கொண்டது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சேக்கிழார் பெருமான் இரண்டாம் குலோத்துங்கன் காலத்து அமைச்சர், அரண்மனையிற் பழகியவர். எனினும் நாயனார் செய்த தொழிலைக் கூறுமிடத்து, தொழில் அறிந்தார் ஒருவர் கூறுமாறு முறை பிறழாது கூறுகின்றார். முதற்கண் அழுக்கை அடித்து நீக்குதல், அடுத்துப் புழுக்குதல், அதன் பின்னர் ஒலித்தல். புழுக்குதல் என்பது இந்நாளில் வெள்ளாவி வைத்தல் எனப்படுவது. ஒலித்தல் என்பது நீரில் அலசி வெளுத்தல். புழுக்கிய துணியை ஒலிக்கப் புகும் வேளையிலேதான் மழை வந்தது என்கின்றார். அந்நிலையில் துணியை அப்படியே விடவும் இயலாது; வெயிலின்றி முடிக்கவும் இயலாது. நாயனாருடைய துயரம் எத்துணைக் கூரியது என்பது தொழிலின் முறை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும்.

இத்தொழில் சேக்கிழார்க்கும் பன்னூறு ஆண்டு முற்பட்டது. புறநானூற்று 311 ஆம் பாட்டிலே ஔவையார், களர் நிலத்துக் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் பெண் ஒருத்தியைக் காட்டுகின்றார். நல்ல நீர்க் கிணறு இருக்கக் களர்க் கிணற்றை நாடுவானேன்? களர் மண்ணிலும் உவர் மண்ணிலும் காரம் உண்டு. அக்காரம் எண்ணெயோடும் வியர்வையோடும் கூடி அவற்றைக் கரைத்து நீக்கும். சவர்க்காரம் கடையில் விற்கத் தொடங்குதற்கு முன், தமிழ்நாட்டுப் பருத்தி ஆடைகளை வெண்மை செய்தது இந்த உவர்மண்ணே. நற்றிணையும் குறுந்தொகையும் வெளுத்த ஆடைக்குக் கஞ்சி தோய்க்கும் வழக்கத்தையும் கூறுகின்றன. உவர்மண், வெள்ளாவி, கற்பாறை, கஞ்சி என்னும் நான்கும் சேர்ந்ததே பழைய வெளுப்பு முறையாகும். பருத்திக்கு இதனின் மேம்பட்ட முறை வேண்டுவதில்லை. பட்டிற்கோ இந்நான்கும் நான்கு பகை.

கல்வெட்டுக்களிலே இத்தொழிலாளர்க்கு வழங்கும் பெயர் ஒன்று மிக அழகியது. ஈரங்கொல்லி என்பது அது. ஈரத்தைக் கொல்பவர் என்று பிரித்துப் பார்த்தால், மழையோடு போராடிய நாயனாரே நம் கண்முன் வந்து நிற்கின்றார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், அத்திருக்கோயிற் பணியாளர்க்கு நிவந்தம் வகுத்துக் கல்லிலே வெட்டுவித்தான். ஆடல் மகளிர் 400 பேர், நட்டுவர், பாடுவோர், முழவு முழக்குவோர், விளக்கேற்றுவோர், குயவர், தச்சர், கன்னார், கணக்கர் என விரியும் அந்நெடும் பட்டியலிலே ஈரங்கொல்லிகளும் இடம் பெற்றுள்ளனர். தையற்காரரும், மணிகளைத் துணியிற் கோத்துத் தைக்கும் இரத்தினத் தையானும் அங்கே உளர். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது அந்நிவந்தத்தின் அளவு. இறைவனுடைய ஆடையைத் திருப்பரிசட்டம் என்று கல்வெட்டுக்கள் வழங்கும். மணி தைப்பவர், ஆடை தைப்பவர், ஆடை வெளுப்பவர் ஆகிய மூவரையும் ஒரே கோயிற் பணிக்குழுவில் வைத்ததிலிருந்து, அணிசெய்த ஆடையைக் காப்பது தனித் திறம் என்பதை அரசன் உணர்ந்திருந்தான் என்று கொள்ளலாம்.

மற்றொரு புறத்தையும் மறைத்தல் ஆகாது. அதே காலத்து அரசிறைப் பட்டியல்களிலே வண்ணாரப்பாறை என்னும் வரியும் காணப்படுகின்றது. துணி புடைக்கும் கல்லுக்கு வரி. பல்லவர் செப்பேடுகளிலும் இத்தகைய இறை கூறப்படுகின்றது. நாயனார் தலையை மோதிய கற்பாறை போன்ற கற்கள்தாம் அவை. வரியேனும் பொறுக்கத்தக்கது. பிற்காலத்தில் நாம் செய்தது அதனினும் கொடிது. ஏகாலியர் குலத்தில் வந்த நாயனாருக்குக் கல்லிலும் செம்பிலும் திருவுருவம் எடுத்து, சித்திரைச் சுவாதியில் குருபூசை செய்து, சுவாமி புறப்பாட்டில் அறுபத்துமூவரோடு தோள்மேற் சுமந்தோம். வெளுப்போருள் புதிரை வண்ணார் முதலியோரைத் தெருவிலும் நிற்கவொட்டாது ஒதுக்கினோம். அவர்கள் இன்றும் பட்டியல் சாதியாருள் வைத்து எண்ணப்படுகின்றனர். 1939 ஆம் ஆண்டு சூலை 8 ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அவர்கள் ஒடுக்கப்பட்ட அன்பர்களுடன் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் சென்றார். அவ்வாண்டிலேயே அதற்குக் காப்பாகச் சட்டமும் எழுந்தது. 1947 இல் சென்னை மாகாணம் முழுதும் ஆலயப் பிரவேசம் சட்டமாயிற்று. சேக்கிழார் நூலை ஆண்டுதோறும் விரித்துரைக்கும் நாம், அதன் பொருளை ஏற்க எண்ணூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம்.

இனித் திருவாடைகளின் வகையைக் காண்போம். வகை அறியாமல் நீரில் இடுதலே எல்லாக் கேட்டிற்கும் மூலம்.

பட்டு என்பது புழுவின் வாய்நூல். நம் தலைமயிர் போன்ற புரதப் பொருள். காரம் அதனை அரிக்கும். ஆகவே உவர்மண்ணும், சலவைச் சோடாவும், காரம் மிக்க சவர்க்காரமும் பட்டிற்கு ஆகா. நம் முன்னோர் இதனைக் கண்டறிந்து பட்டிற்கெனப் பூவந்திக் கொட்டையைக் கொண்டனர். பூந்திக் கொட்டை என்பாரும் உளர். விதையை நீக்கி, தோலை இரவு ஊறவைத்து, மறுநாள் காய்ச்சி, ஆறியபின் வெள்ளைத் துணியில் வடித்தால் நுரைக்கும் நீர் கிடைக்கும். நுரை தருவது சப்போனின் என்னும் பொருள். காரம் இன்றியே எண்ணெய்ப் பசையை அகற்ற வல்லது. அந்நீர் சற்றுப் பழுப்பு நிறம் உடையதாதலின், தூய வெண்பட்டிற்கு மிக நீர்த்த அளவிலேயே கொள்ளுதல் வேண்டும். கிணற்று நீர் உப்பு நீராயின் மழைநீரைச் சேமித்து வைத்து அலசுவது பெரியோர் வழக்கம். பட்டை முறுக்கிப் பிழிதல் ஆகாது. ஈரப்பட்டு வலிமை குன்றி இருக்கும். முறுக்கினால் இழை விலகும். வெள்ளைத் துணிமீது விரித்துச் சுருட்டி ஈரத்தை வாங்கி, நிழலிற் காற்றாட விடுதலே முறை.

கலம்காரிச் சீலைகளின் வரலாறு விரிவானது. எழுதுகோலால் துணியில் ஓவியம் எழுதும் இக்கலை தஞ்சை நாயக்க மன்னர் காலத்திலும் மராட்டிய மன்னர் காலத்திலும் சிறந்து விளங்கியது. அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரும், திருப்பனந்தாளை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையும் இதற்குப் பெயர் பெற்றவை. கோயில் விதானங்கள், தொம்பைகள், தேர்ச்சீலைகள் ஆகியவற்றை எழுதித் தந்தவர் இவ்வூர்க் கைவினைஞரே. 2021 ஆம் ஆண்டிலே கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தமை மகிழ்தற்குரியது.

இச்சீலை உருவாகும் முறையிலேயே நீர் பெரும் பங்கு கொள்கின்றது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்ப்பர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த சாற்றால் கறுப்புக் கோடு இழுப்பர். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடியவிடத்துக் கறுப்பு தோன்றும். சிவப்பு வேண்டும் இடத்திற் படிகார நீரால் எழுதிப் பின் சாயவேர்ச் சாற்றில் கொதிக்க வைப்பர்; படிகாரம் பட்ட இடம் மட்டும் செம்மை பற்றும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் ஓடுநீரில் அலசிச் சாணநீரில் ஊறவைத்து வெயிலிற் காய்த்து வெளுத்தல் உண்டு. ஓவியர் எழுதி வைத்ததை வெளுப்பவரே ஓவியமாக்கினார் என்றாலும் மிகையாகாது. 1742 இல் புதுச்சேரிப் பகுதியிலிருந்த கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இச்சீலை எழுதும் முறைகளைக் கேட்டறிந்து தம் நாட்டிற்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பியர் நம் சீலைகளை விரும்பியது வண்ணத்தின் பொலிவிற்காக மட்டுமன்று; துவைத்தாலும் நீங்காத சாயத்திற்காகவுமாம்.

இதனால் ஒரு வியப்பு விளைகின்றது. பழைய சாயவேர்ச் சிவப்பு நீருக்கு அஞ்சாது. 1856 இல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. 1868 இல் சாயவேரின் செந்நிறப் பொருளையே செயற்கையாய் ஆக்கும் வழியும் செருமானியர் கண்டனர். மலிவான சாயங்கள் வந்து பெருகிய பின்னர் எழுந்த சீலைகள் பலவற்றில் சிவப்பு, நீர் பட்ட மாத்திரத்தே ஓடிப் பக்கத்து வெண்மையையும் கெடுக்கின்றது. எனவே, பழையது மெலிது, புதியது உறுதி என்று முடிவு கட்டுதல் கூடாது. ஆயினும் பழையதற்கும் ஒரு நோய் உண்டு. இரும்பினால் ஆன கறுப்பு, காலப்போக்கிலே தான் பற்றிய துணியையே அரித்துவிடும். பழஞ்சீலைகளில் உருவத்தின் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்து கிழிந்திருத்தலைக் காண்பதற்குக் காரணம் இதுவே. அத்தகைய சீலை எக்காரணத்தாலும் நீரைக் காணலாகாது.

தஞ்சை, கும்பகோணம் பகுதிகளிலே தைக்கப்பெறும் தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் வேறு வகையின. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளைத் துணிகளைத் தாமரையாகவும் யாளியாகவும் அன்னமாகவும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தவை. பல துணி, பல சாயம், பல வகை நூல். நனைந்தால் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது. தாமரை சுருங்கிக் கூம்பிப் போகும். தேரோட்டத்தில் மழை பெய்து நனைந்துவிட்டால், மடித்து அறையிற் போடாது அன்றே விரித்து உலர்த்துதல் வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்த சீலையிற் பூஞ்சணம் படர்வதற்கு மூன்று நாள் மிகுதி.

அடுத்தது சரிகை. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மீது தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. பொன் கறுப்பதில்லை, அதன் அடியில் உள்ள வெள்ளியே காற்றில் கலந்துள்ள கந்தகத்தால் கறுக்கின்றது. சரிகை கறுத்தது கண்டு புளி இட்டுத் தேய்ப்பாரும் பல்பொடி இட்டுத் தேய்ப்பாரும் உளர். குத்துவிளக்கிற்குத் தகும் அவ்வைத்தியம் சரிகைக்குத் தகாது. தேய்க்குந்தோறும் முலாம் போம். முலாம் போனால் வெள்ளி முன்னினும் விரைந்து கறுக்கும். அதற்கு அடுத்த தேய்ப்பில் கம்பி அறும். கறுத்த சரிகை அங்ஙனே இருத்தல் நன்று. சரிகை ஆடைகளை ரப்பர் வளையத்தாற் கட்டுதலும் தவறு. ரப்பரில் கந்தகம் உண்டு. செம்புக் கம்பிமேல் முலாம் பூசிய போலிச் சரிகை இன்னும் விரைவிற் பச்சை பிடிக்கும். எது அசல், எது போலி என்பதை உபயதாரர் கொடுக்கும்பொழுதே எழுதி வைத்துக்கொள்வது பிற்காலத்திற்குப் பெரிதும் உதவும்.

மணி, ஜமிக்கி, ஜிகினா, கண்ணாடித் துண்டு முதலியவை இழைத்த ஆடைகளைப் பற்றி மிகுதியாகக் கூறுதற்கில்லை. இவற்றுள் பசையால் ஒட்டியவை நீரில் உதிரும்; பிளாஸ்டிக்கால் ஆனவை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகும்; உலர்சலவை நிலையத்தார் இடும் திரவத்தில் சில கரையவும் கூடும். அணிகள் தைக்கப்பட்ட பாவாடையைக் கொடுக்குமுன் மணி ஒன்றைச் சோதித்துப் பார்க்குமாறு நிலையத்தாரிடம் சொல்லுதல் நலம்.

இனிச் சைவர்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய ஒன்று: திருநீறு. சாம்பல் காரம் உடையது. அக்காலத்து வெளுப்போர் சாம்பலை நீரிற் கரைத்துத் தெளியவைத்தே காரநீர் எடுத்தனர். பட்டின்மேல் உலர்ந்து படிந்திருக்கும் திருநீறு தீங்கு செய்யாது. அதன்மேல் நீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கப் புகுந்தால், அந்த இடத்திலேயே காரநீர் பிறந்து பட்டை வாட்டும். சில சாயங்கள் நிறமும் மாறும். எனவே திருநீறு படிந்த பட்டை முதலில் மெல்ல உதறி, மென்மையான தூரிகையாலே துகள் முழுவதையும் வாங்கிய பின்னரே நீரை நினைத்தல் வேண்டும்.

மஞ்சளின் இயல்பு இன்னும் விந்தையானது. மஞ்சட் கறையிற் சவர்க்காரம் பட்டவுடன் செந்நிறமாகும். காரத்தோடு மஞ்சள் கூடினால் சிவக்கும் என்பது குங்குமம் செய்வோர் நன்கறிந்தது. கண்டார் கலங்கி மேன்மேலும் சவர்க்காரம் இட்டுத் தேய்ப்பர். கறை இழையினுள் ஆழ்ந்து பதியும். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நில்லாதது. பருத்தித் துணியாயின் வெயிலில் இட்டாலே பெரும்பாலும் வெளிறிவிடும். பட்டையும் சாயத்துணியையும் அவ்வாறு இடின் கறையோடு அவற்றின் நிறமும் போம். சந்தனத்தை நன்கு உலரவிட்டு உதிர்த்தெடுக்க வேண்டும். ஈரமாய் இருக்கையில் வழித்தால் பரவும். எண்ணெயும் நெய்யும் பட்டவுடன் முகப்பவுடரைத் தூவி ஓரிரவு விட்டுத் தட்டினால் பெரும்பகுதி அதனோடு வந்துவிடும். கர்ப்பூரக் கரியை விரலால் தொடவே கூடாது. ஊதியும் தூரிகையால் மேல்நோக்கி எடுத்தும் அகற்றுதல் வேண்டும். அழுத்தினால் அது மையாகும்.

நீரில் இடத்தக்கதா அன்றா என்று ஐயம் எழுந்தால் சோதிக்கும் வழி எளிது. வெளியே தெரியாத மூலை ஒன்றில், ஒவ்வொரு நிறத்தின்மீதும் நனைத்த வெள்ளைப் பஞ்சைச் சிறிது நேரம் அழுத்தி வைத்தல் வேண்டும். பஞ்சிலே நிறம் ஏறினால் அவ்வாடை நீருக்கு உரியதன்று. அத்தகையவற்றிற்கு உலர்ந்த முறையே உண்டு. ஆடையை மேசைமேல் விரித்து, அதன்மேல் மெல்லிய வலைத்துணியைப் பரப்பி, தூசி உறிஞ்சும் பொறியைக் குறைந்த விசையில் சற்று உயர்த்திப் பிடித்து நடத்துவது அருங்காட்சியகத்தார் கையாளும் முறையாகும். தளர்ந்த மணியும் இழையும் பொறியினுள் போகாதவாறு வலை காக்கும். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் 1930 ஆம் ஆண்டு முதல் பழம்பொருள் காக்கும் வேதியியற் கூடம் ஒன்று நடைபெற்று வருகின்றது. பெருமதிப்புடைய பழஞ்சீலையை உடைய திருக்கோயிலார், ஒன்றும் செய்யுமுன் அத்தகைய அறிஞரைக் கலந்து கொள்ளுதல் தக்கது.

உக்கிராணத்தில் வைக்கும் முறையும் தூய்மை செய்தலின் ஒரு பகுதியே. கஞ்சி இட்ட துணியை நெடுநாள் வைத்தலாகாது. கஞ்சி, இராமபாணப் பூச்சிக்கும் பாச்சைக்கும் விருந்து. பாலிதீன் பையில் இட்டு முடிந்தால் உள்ளே ஈரம் வியர்க்கும். கஞ்சி போக அலசிய பழைய பருத்தி வேட்டியிற் சுற்றி வைத்தலே சாலும். பெரிய சீலைகளை மடியாமல் உருளையிற் சுருட்ட வேண்டும். மடிப்பதாயின் ஆண்டுக்கிருமுறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் இருபது ஆண்டு கிடந்த சரிகை, பிரிக்கும்பொழுது மடிப்பிலேயே ஒடியும். வசம்பும் வேப்பிலையும் சிறு முடிச்சாகக் கட்டி அருகில் வைக்கலாம். துணியின்மேல் நேரே தூவுதல் கூடாது.

இவற்றையெல்லாம் இத்துணை விரித்துக் கூறுதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓரூரில் குடமுழுக்கு நெருங்கிற்று. வாகன அறையைத் தூய்மை செய்த இளைஞர் குழுவினர் மூலையில் மூட்டையாய்க் கிடந்த பழைய விதானம் ஒன்றைக் கண்டெடுத்தனர். கயிலைக் காட்சி எழுதிய கலம்காரி. அவர்தம் அன்பிற்குக் குறைவில்லை. வெளுக்கும் தூளைத் தொட்டியிற் கரைத்து, விதானத்தை இரவு முழுதும் ஊறவைத்தனர். மறுநாள் வெள்ளைத் துணி கிடைத்தது, கயிலை இல்லை. அவ்வூரிலே தலைமுறை தலைமுறையாகக் கோயில் துணி வெளுத்து வந்த குடும்பத்து மூதாட்டியார் ஒருவர் இருந்தார். தொட்டியைக் கண்ட பின்னர் அவர் சொன்னதாவது: 'சாமி துணியை எங்க மாமனார் வெள்ளாவியிலயே வைக்க மாட்டாரு. தனியா எடுத்து வச்சுப் பாத்துத்தான் தொடுவாரு. என்னைக் கேட்டிருக்கலாமே.' கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அக்குடும்பத்திற்கு உரிய நெல் மானியம் நின்று நாளாகிவிட்டது. மானியம் நின்றபொழுது அவர்கள் அறிவும் கோயிலை விட்டு வெளியேறிற்று.

இத்தகைய அறிவு நூல்களில் எழுதப்படவில்லை. எந்தச் சாயம் எந்த நீருக்கு ஆகும், எந்தத் துறையின் நீர் பட்டிற்குச் சாந்தம், மார்கழிப் பனியில் எவ்வளவு நேரம் உலர்த்தலாம் என்பன கையிலும் கண்ணிலும் இருந்தவை. கூலி வாங்கும் பொறி நிலையத்தார்க்கு அவை தெரிந்திருக்க வழியில்லை. அவர்மேல் குற்றமும் இல்லை. இன்றும் பல ஊர்களில் அக்குடும்பத்து முதியோர் சிலர் இருக்கின்றனர். அவர்களை அழைத்து இருக்கை தந்து கேட்டு எழுதிக்கொள்ளுதல் அறங்காவலர்க்கும் விழாக் குழுவினர்க்கும் அரிய செயலன்று.

எழுதும் ஏட்டிலே ஒவ்வோர் ஆடைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்: உபயம் செய்தவர், ஆண்டு, துணி, சாயம், சரிகை, எந்த விழாவிற் சாத்தப்பெற்றது, என்ன கறை பட்டது, எம்முறையால் தூய்மை செய்யப்பெற்றது என்பன. உபயதாரர் பெயரை எழுதும் அதே வரிசையில் வெளுத்தவர் பெயரையும் எழுதுதல் வேண்டும். 400 ஆடல் மகளிர் ஒவ்வொருவர் பெயரையும், அவர் குடியிருந்த தெருவையும் மனையின் எண்ணையும் விடாது வெட்டுவித்த தஞ்சைக் கல்வெட்டு, இதற்கு மாதிரியாக அங்கே நிற்கின்றது.